ஊருக்கு அடியில் எலி வங்கு: ‘வார்ஹேமர்’ விளையாட்டின் ஸ்கேவன் எலிகள்

இது ‘டோட்டல் வார்: வார்ஹேமர்’ என்ற கணினி விளையாட்டுத் தொடருக்கான முழு விமர்சனம் இல்லை. அதை எழுத உட்கார்ந்தால் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கும், அவ்வளவு பொறுமை எனக்கும் இல்லை, படிக்கிற உங்களுக்கும் இருக்காது. எலிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்கேவன் என்று பெயர். இரண்டு காலில் நடக்கும், பேசும், துப்பாக்கி செய்யும், மனிதர்களின் ஊருக்கு அடியிலேயே குடியிருந்துகொண்டு என்றைக்காவது ஒருநாள் மேலே வந்து மொத்தத்தையும் சுருட்டிக்கொள்ளத் திட்டம் போடும் எலிகள். அதிலும் குறிப்பாக, இரண்டாம் பாகத்துக்கு 2019 ஏப்ரலில் வந்த ‘த ப்ராஃபெட் அண்ட் த வார்லாக்’ என்கிற கூடுதல் பேக்கும், அதில் வரும் இக்கிட் க்ளா என்ற எலிப் பொறியாளனும்தான் என் விஷயம். மூன்று வருடமாக விட்டு விட்டு இவனை வைத்துத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். மற்ற இனங்களையும் தொட்டுப் பார்த்தேன், பத்து இருபது சுற்று போனதும் சலிப்புத் தட்டி மறுபடியும் எலிகளிடமே வந்து நின்றேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த வார்ஹேமர் ஒரு மேசை விளையாட்டு. சின்னச் சின்னப் பொம்மைப் படைகளைக் கையால் வண்ணம் பூசி, மேசையில் அடுக்கி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எலிகள் அதில் 80-களின் நடுவிலேயே வந்துவிட்டன, முதலில் வடித்தவர் ஜெஸ் குட்வின் என்ற சிற்பி. பிறகு கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் 2016-ல் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. முதல் பாகத்தில் எலிகள் இல்லை. 2017 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் வந்தார்கள். 2022-ல் மூன்றாம் பாகம். மூன்று பாகத்தின் வரைபடத்தையும் ஒன்றாக ஒட்டி ‘இம்மார்டல் எம்பயர்ஸ்’ என்று ஒரு பெரிய உலகம் இப்போது இருக்கிறது, நான் ஆடுவது அதில்தான். வரைபடத்தில் சதுரங்கம் போல முறைவைத்து நகர்த்த வேண்டும், இரண்டு படைகள் மோதினால் சண்டையை நேரிலேயே நடத்த வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அந்த அவ்வளவில் என்னுடைய எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று கேட்காதீர்கள்.

இந்த எலிகளிடம் என்னை இழுத்தது அவற்றின் ஆயுதம் இல்லை. கதையில் உள்ள ஒரு சின்ன விஷயம். இந்த உலகத்தில் மனிதர்களுக்கு ‘எம்பயர்’ என்று ஒரு பெரிய சாம்ராஜ்யம் இருக்கிறது, ஜெர்மனியைப் பார்த்து வரைந்தது. அவர்களுடைய காலண்டர்படி 1111-ல் ஒரு கொள்ளைநோய் வந்து மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், அதைக் கிளப்பிவிட்டதே எலிகள். அதன் பிறகு எலிப்படை மேலே ஏறி வந்து ஊர் ஊராகப் பிடித்தது. மாண்ட்ரெட் என்பவர் எதிர்த்து நின்று விரட்டியடித்தார், பேரரசரும் ஆனார், ‘ஸ்கேவன்ஸ்லேயர்’, அதாவது ஸ்கேவனைக் கொன்றவர் என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவும் நடந்த பிறகு அதே நாட்டில், படித்த பேராசிரியர்களிடம் போய் “ஐயா, சாக்கடைக்குள் ஆள் உயர எலி ஒன்று துப்பாக்கியோடு நிற்கிறது” என்று சொன்னால், போய் முகம் கழுவிக்கொண்டு வா, நேற்று ராத்திரி அதிகமாகக் குடித்துவிட்டாய் என்பார்கள். ஸ்கேவன் என்று ஒன்று கிடையவே கிடையாது, அது பாட்டி கதை என்பதுதான் அங்கே படித்தவர்களின் நிலைப்பாடு. பேரரசரின் பட்டத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது, ஆனாலும் அப்படி ஒரு சாதி இல்லையாம்!

இதைவிட நல்ல மறைவிடம் எந்த எதிரிக்குக் கிடைக்கும்? காட்டில் ஒளிய வேண்டாம், கடலுக்கு அடியில் ஒளிய வேண்டாம், ஊர்க்காரர்களின் அலட்சியத்துக்குள் ஒளிந்தால் போதும். எங்கள் பழைய வீட்டில் பின்கட்டுத் தரை ஒரு மூலையில் லேசாக இறங்கியது. எறும்பு பறித்த மண் என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அரிசி மூட்டையை நகர்த்தியபோது கீழே கை நுழைகிற அளவுக்கு வங்கு, உள்ளே தேங்காய்ச் சில்லு, வெங்காயத் தோல், என் தங்கையின் ஒற்றைக் கொலுசு. பெருச்சாளி ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறது, வாடகை கொடுக்காததுதான் பாக்கி. எனக்கு ஸ்கேவனைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கொலுசுதான் ஞாபகம் வந்தது.

இவர்களுடைய பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை ஒருமுறை சொல்லி நிறுத்தவே மாட்டார்கள். ஆமாம்-ஆமாம், கொல்லு-கொல்லு, சீக்கிரம்-சீக்கிரம் என்கிற மாதிரி இரட்டிக்கும், மனிதனை மனிதன் என்று சொல்லாமல் மனிதப்-பொருள் என்பார்கள். ஆங்கிலத்தில் கேட்கிறவர்களுக்கு இது வினோதமாக இருக்கும், நமக்கு இது அடுக்குத்தொடர். பள்ளியில் படித்திருப்போம், விரைவு, கோபம், அச்சம், மகிழ்ச்சி வந்தால் சொல் அடுக்கி வரும் என்று, “பாம்பு பாம்பு” உதாரணத்தோடு. எலிகளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் அவசரமும் பயமும்தான், ஆகவே எப்போதும் அடுக்கு. இதை யோசித்து எழுதினவர்கள் நம் இலக்கண வாத்தியாரிடம் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். குரல் கொடுத்த நடிகர்களையும் பாராட்ட வேண்டும். கீச்சுக்குரல் என்று கேலியாக ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் அந்தக் குரலுக்குள் இருக்கிற வன்மம் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாம் பாகத்தின் கதையை ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். வானத்தில் இரட்டை வால் நட்சத்திரம் ஒன்று தோன்றுகிறது, அதனால் உலகத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிற ஒரு பெரிய மாயச்சுழல் ஆட்டம் காண்கிறது, எல்ஃப்களும் பல்லி மனிதர்களும் பதறிப்போய் ஆளாளுக்குச் சடங்கு செய்யக் கிளம்புகிறார்கள். எல்லாருக்கும் அது தெய்வச் செயல், சகுனம், முன்னோர் சொன்ன வாக்கு. உண்மையில் அது எலிகள் செய்து அனுப்பிய ராக்கெட். பல்லாயிரம் வருடத்து ஞானம் உள்ளவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, கீழே சுரங்கத்துக்குள் எலிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். இந்தத் தொடரில் இதுவரை எழுதப்பட்டதிலேயே எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். கதையில் உள்ள இந்த ஒளிவை ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள்? மூன்று இடத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், மூன்றுமே நன்றாக இருக்கிறது.

முதலாவது, எலிகள் குடியிருக்கிற ஊர் மற்றவர்களுக்குப் பாழடைந்த ஊராகத்தான் தெரியும். நீங்கள் எலியாக ஆடும்போது உங்கள் ஊரில் கட்டடம் வளர்கிறது, படை திரள்கிறது, பட்டறையில் பச்சை வெளிச்சம் அடிக்கிறது. பக்கத்து நாட்டுக்காரன் கண்ணுக்கு அங்கே இடிந்த சுவரும் புகையும்தான். அவன் படை உங்கள் வாசலைத் தாண்டி வேறு யாரையோ அடிக்கப் போகும். முதல் தடவை அப்படி ஒரு பெரிய படை என் ஊர் ஓரமாகவே நடந்து போனபோது, நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் அவனுக்குக் கேட்டுவிடும் என்பது போல. மறுபக்கமும் உண்டு. நீங்கள் வேறு இனமாக ஆடும்போது, ஆளில்லாத இடிபாடு என்று நம்பிக் குடியேறப் போனால் சில சமயம் உள்ளேயிருந்து எலிகள் கிளம்பும். அதற்குப் பிறகு வரைபடத்தில் எந்த இடிபாட்டைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் தயங்குவீர்கள்.

இரண்டாவது, பதுங்கல். எலிப்படை நடக்கும்போதே பதுங்கி நடக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், அப்படிப் போய் எதிரியைத் தாக்கினால் அது மறைந்திருந்து அடிக்கிற சண்டையாக மாறுவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. எதிரிப் படை ரயில்பெட்டி மாதிரி நீளமாக வரிசையில் நிற்கும், நீங்கள் இரண்டு பக்கமும் காட்டுக்குள். அணிவகுத்து நிற்க அவனுக்கு நேரமே கிடைக்காது. சண்டை நடுவில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு கூட்டம் எலிகளை எழுப்புகிற வசதியும் இருக்கிறது, எதிரியின் பீரங்கிக்காரர்கள் பின்னால் பாதுகாப்பாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது காலடியில் மண் பொங்கும். பீரங்கி வைத்து ஆடுகிற என் நண்பர்கள் எல்லாருக்கும் இதில் கசப்பான அனுபவம் இருக்கிறது.

மூன்றாவதுதான் இந்த பேக்கோடு வந்தது, பாதாள நகரம். இதற்காகவே காசு கொடுக்கலாம். உங்கள் ஆள் ஒருவனை எதிரியின் ஊருக்கு, ஏன், உங்களோடு சமாதானமாக இருக்கிறவன் ஊருக்கும் அனுப்பி, அந்த ஊருக்கு அடியில் ஒரு வங்கு தோண்டலாம். மேலே அவன் கட்டடம், கீழே உங்கள் கட்டடம். காசு வரும்படியாகக் கட்டலாம், உணவு திருடும்படியாகக் கட்டலாம், சத்தம் வெளியே கேட்காதபடி மறைப்பு வேலை செய்யலாம். எவ்வளவு அதிகம் கட்டுகிறீர்களோ அவ்வளவு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் ஏறும், அது ஒரு சதவீதமாகப் பக்கத்திலேயே தெரியும். ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் சுகம். கீழேயிருந்து ஒரு முழுப்படையை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிற கட்டடமும் உண்டு, அதையும் தாண்டி ‘டூம்ஸ்ஃபியர்’ என்று ஒன்று உண்டு. பெரிய வெடிகுண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை நமக்குத் தெரியும். இங்கே எலியே வீட்டைக் கொளுத்துகிறது.

போன வருடம் ஆல்ட்டார்ஃபுக்குக் கீழே தோண்டினேன். அது எம்பயரின் தலைநகரம், ரைக் ஆற்றங்கரையில் இருக்கிறது, பேரரசர் கார்ல் ஃப்ரான்ஸ் கழுகுத் தலைச் சிங்கத்தின் மேல் ஏறிப் பறப்பார், பெரிய மனிதர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை, போர் தொடுக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். முதலில் வருமானத்துக்கு மட்டும் ஒரு சின்ன வங்கு. பிறகு உணவுக்கு ஒன்று. இருபது சுற்று அப்படியே விட்டுவைத்தேன், அவர் வடக்கே யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், டூம்ஸ்ஃபியரை அழுத்தினேன். தயாராவதற்குச் சுற்றுகள் பிடிக்கும், ஒவ்வொரு சுற்றும் முடியும்போது கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வருமோ என்று பார்ப்பேன், வராது, அடுத்த சுற்று. வெடித்தது. தலைநகரம் இருந்த இடத்தில் இடிபாடு. அதிலும் பாருங்கள், இப்போது நிஜமாகவே இடிபாடு. கார்ல் ஃப்ரான்ஸ் வடக்கேயிருந்து திரும்பி வர வீடு இல்லை. நான் நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளறையிலிருந்து “இந்நேரத்துக்கு என்ன சிரிப்பு” என்று குரல் வந்தது.

இனி இக்கிட் க்ளா. ஸ்க்ரையர் என்ற குலத்தின் தலைமைப் பொறியாளன், பாதி உடம்பு எரிந்துபோய் இரும்புக் கூட்டுக்குள் நடமாடுகிறவன். எலிகளின் தலைநகரமான ஸ்கேவன்ப்ளைட்டில் ஆரம்பிக்கிறான். இவர்களுடைய தொழில்நுட்பம் முழுக்க ‘வார்ப்ஸ்டோன்’ என்கிற பச்சைக் கல்லில் ஓடுகிறது, கட்டியாகிப்போன மாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எரிபொருளும் அதுதான், விஷமும் அதுதான், சிலர் தின்னவும் செய்வார்கள். இக்கிட்டுக்கு ‘ஃபர்பிடன் ஒர்க்‌ஷாப்’ என்று ஒரு பட்டறை கொடுத்திருக்கிறார்கள். எரிபொருள் சேரச் சேரத் துப்பாக்கிக்கு வேகம், குண்டுக்குத் துளைக்கும் சக்தி, சக்கர வண்டிக்குக் கவசம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மனிதர்களில் பலர் இன்னும் ஈட்டியும் வில்லும் வைத்திருக்கிற உலகத்தில், எலிகளிடம் கைப்பிடியைச் சுற்றினால் மழையாகக் கொட்டும் பல குழல் துப்பாக்கி இருக்கிறது. ராட்லிங் கன். ஒரு எலி துப்பாக்கியைப் பிடிக்கும், இன்னொரு எலி தோட்டாப் பீப்பாயை முதுகில் சுமக்கும். ஜெசெய்ல் என்று நீளத் துப்பாக்கி, அதற்கும் இரண்டு பேர், ஒருவன் பலகைக் கேடயத்தை ஊன்றி நிற்பான், அடுத்தவன் அதன் மேல் குழலைச் சாய்த்துத் தூரத்தில் வருகிற தளபதியைக் குறிவைப்பான். கேமராவை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சுடுகிறவன் தடுமாறாமல் சுட, சுமக்கிறவன் பயந்து நடுங்கிக்கொண்டு நிற்பான். இந்த அளவுக்கு யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள்.

சண்டையில் நான் எப்போதும் செய்கிறது ஒன்றுதான். முன்னால் நாலைந்து வரிசை அடிமை எலிகள், விலை மலிவு, கையில் ஒழுங்கான ஆயுதம்கூட இருக்காது. அவர்கள் வேலை சாவது. எதிரியின் நல்ல படை, குதிரை வீரர்கள், பெரிய வாள்காரர்கள் எல்லாரும் வந்து இவர்கள் மேல் விழுந்து சிக்கிக்கொள்வார்கள், சேற்றில் வண்டிச் சக்கரம் மாட்டின மாதிரி. எல்லாரும் நன்றாக ஒன்று கூடினதும் இக்கிட்டின் ‘டூம்ராக்கெட்’. பச்சைப் புகை, ஒரு நொடி மௌனம், பிறகு வட்டமாக ஒரு வெற்றிடம். என் எலிகளும் அதில்தான் போனார்கள், அதைப் பற்றி இந்த இனத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. ராட்லிங் கன்னை மட்டும் மேட்டில் நிறுத்துங்கள். நேர்கோட்டில்தான் சுடும், முன்னால் ஆள் நின்றாலோ சின்ன மேடு இருந்தாலோ சும்மா முழித்துக்கொண்டு நிற்கும், புதிதாக ஆடுகிறவர்கள் துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று திட்டுவது இதனால்தான்.

இங்கேதான் என் மனக்குறையும் ஆரம்பிக்கிறது. இந்தத் துப்பாக்கிகள் ரொம்ப நன்றாக வேலை செய்கின்றன. பட்டறையில் பாதி கூட்டிவிட்டால் போதும், ஐம்பதாவது சுற்றுக்கு மேல் இக்கிட்டை எதிர்த்து நிற்க யாராலும் முடியாது, இரண்டு படையை ஒரு படை தின்றுவிடும். அப்புறம் எதற்கு ஒளிய வேண்டும்? எதற்கு வங்கு தோண்ட வேண்டும், சதவீதம் பார்க்க வேண்டும், பதுங்கி நடக்க வேண்டும்? நேராகப் போய்ச் சுட்டால் வேலை முடிந்தது. ஒளிந்து வாழ்கிற ஒரு கூட்டத்தின் தந்திரத்தை அவ்வளவு அழகாகக் கட்டிவிட்டு, அதே பேக்கில் அந்தத் தந்திரமே தேவைப்படாத ஆயுதத்தையும் கொடுத்திருக்கிறார்கள். மேசை விளையாட்டில் இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது, எலிகளின் ஆயுதத்தை நம்பவே முடியாது, பகடை தப்பாக விழுந்தால் பீரங்கி சொந்தக்காரன் முகத்திலேயே வெடிக்கும். அந்த வெடிதான் இவர்களுடைய தொழில்நுட்பத்தின் சுவையே, மேதாவித்தனமும் அரைவேக்காட்டுத்தனமும் ஒரே கையில். கணினியில் அது இல்லை. எலி செய்த துப்பாக்கி ஜப்பான்காரன் செய்த தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. பத்துக்கு ஒரு தடவை வெடித்திருந்தால்கூட நான் மறுபடியும் ஒளிந்து ஆடியிருப்பேன்.

இன்னொன்று, கணினி எதிரிக்குப் பயம் தெரியாது. ஆல்ட்டார்ஃப் வெடித்த அடுத்த சுற்று, பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் ஊருக்குக் கீழே தோண்டிப் பார்க்கவில்லை. கார்ல் ஃப்ரான்ஸ் கோபப்பட்டார், அவ்வளவுதான், சந்தேகப்படவில்லை. ஒளிந்திருப்பவன் கதையில் தேடுகிறவனும் இருக்க வேண்டாமா?

மற்ற விஷயங்கள் வேகமாக. உணவு என்று ஒரு கணக்கு உண்டு, எலிகளுக்கு எப்போதும் பசி, குறைந்தால் ஊரில் கலகம், நிறைய இருந்தால் பிடித்த ஊரை எடுத்த எடுப்பிலேயே பெரிய நிலைக்கு உயர்த்தலாம். சண்டையில் பிடித்த கைதிகளைத் தின்னலாம். ஆமாம், தின்னலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பார்த்து. தளபதிகளுக்கு விசுவாசம் என்று ஓர் எண், அது தேய்ந்துபோனால் படையோடு எதிர்ப்பக்கம் போய்விடுவான். முதுகில் குத்துகிறதுதான் இவர்களுடைய அரசியல் என்பதால் இது பொருத்தமே, ஆனால் ஐம்பது சுற்றுக்கு மேல் ஒவ்வொருவனையும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பது கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமாக்களைச் சமாளிப்பது போல இருக்கிறது.

இக்கிட் வேண்டாம், ஒளிவு மட்டும் வேண்டும் என்பவர்கள் 2019 டிசம்பரில் ‘த ஷேடோ அண்ட் த ப்ளேட்’ பேக்கில் வந்த ஸ்னிக்கைப் பாருங்கள், கூலிக்குக் கொலை செய்கிற எஷின் குலத்தான், அவனுடைய ஆட்டம்தான் உண்மையில் நிழலில் நடக்கிறது. 2020 கடைசியில் வந்த த்ராட் உயிர்களைத் தைத்து ஒட்டுகிற மோல்டர் குலத்தான், பிடித்திருந்தது, ஆனால் அது ஆய்வகம், வங்கு இல்லை. க்வீக், ஸ்க்ரால்க் என்ற எலித் தலைவர்கள் இரண்டு பேரும் இரண்டாம் பாகத்தோடு ஆரம்பத்திலேயே வருகிறவர்கள். முதலில் இவர்களை வைத்து எலிகள் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு மற்றதற்குக் காசு செலவழியுங்கள். ஸ்கேவன் பாடம் அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நான் சேர்த்தபோது மூன்றாம் பாகத்தில் எலிகளை ஆட இரண்டாம் பாகமும் கையில் இருக்க வேண்டியிருந்தது, மேலே இந்த பேக் தனி. கடைப் பக்கத்தில் எதற்கு எது வேண்டும் என்று சொல்லியிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். முழு விலைக்கு ஒருநாளும் வாங்காதீர்கள், இவை எல்லாம் அடிக்கடி தள்ளுபடிக்கு வருகிறவை. மூன்றாம் பாகம் 120 ஜிபி இடம் கேட்கிறது, ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் சண்டை திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், எஸ்எஸ்டி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கணினிகளின் முறை முடிகிற வரை காத்திருப்பதும் உண்டு, நூற்றுக்கணக்கான நாடுகள் ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டுமே. தமிழில் எழுத்து கிடையாது, எழுத்தும் பொடி, என் லேப்டாப்பில் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன். போன கோடையில் சூடு தாங்காமல் லேப்டாப் அடியில் இரண்டு சோப்பு டப்பாவை முட்டுக் கொடுத்து ஆடினேன், இன்னும் அதே டப்பாதான்.

கணினி எதிரிக்குப் பயம் தெரியாது என்றேன் இல்லையா, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஆள் வைத்து ஆடுவது. மூன்றாம் பாகத்தில் எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆடலாம், நாங்கள் இரண்டு பேர். கல்லூரிக்கால நண்பன் ஒருவன், எப்போதும் எம்பயர்தான் எடுப்பான், கார்ல் ஃப்ரான்ஸ் என்றால் உயிர். சனிக்கிழமை ராத்திரி போனில் பேசிக்கொண்டே ஆடுவோம். சண்டை போடக்கூடாது, ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்தோம். எனக்கு இந்தத் தடவை பட்டறையில் எதையும் கூட்டுவதில்லை என்று ஒரு விரதம், ராட்லிங் கன் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அவனுக்கு அது தெரியாது.

“மாப்ளே, என்னடா ரொம்ப அமைதியா இருக்கே, தெற்கே ஒண்ணுமே நடக்கலையா?” என்றான் போன வாரம்.

“எலிக்கு என்னடா வேலை, சாப்பிடறது தூங்கறதுதான்” என்றேன்.

அவனுக்கு ஐந்து பெரிய ஊர் இருக்கிறது. மூன்றுக்குக் கீழே நான் இருக்கிறேன். ஆல்ட்டார்ஃபில் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு இப்போதைக்குப் பத்துக்கும் கீழே, மறைப்பு வேலை இன்னும் இரண்டு சுற்றில் முடிந்துவிடும். நேற்று அவனாகவே போன் பண்ணி, தலைநகரத்தில் புதிதாக ஒரு பெரிய கட்டடம் கட்டுகிறானாம், நிறையச் செலவு, கொஞ்சம் பொன் கடன் கேட்டான். கொடுத்துவிட்டேன்.